இரண்டாவது கேள்விக்குத் தயாராவது

இண்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்பது சிதம்பர ரகசியம் ஒன்றும் இல்லை. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், இந்த வேலை ஏன் வேண்டும், பலம் என்ன, பலவீனம் என்ன, பழைய வேலையை ஏன் விட்டீர்கள், ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள், சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள். சென்னையில் கண்ணாடிக் கட்டடத்தில் கேட்டாலும் இதுதான், காரைக்குடி செக்காலை ரோட்டில் மாடிப்படி ஏறிப் போய் உட்கார்ந்தாலும் இதுதான். கேள்வித்தாள் முன்கூட்டியே கையில் கிடைத்த மாதிரி. இருந்தும் நன்றாகப் படித்த பிள்ளைகள் திணறுகிறார்கள். எல்லாரும் முதல் கேள்விக்குத்தான் பதில் தயார் செய்துகொண்டு வருகிறார்கள். தீர்மானம் ஆவதோ பெரும்பாலும் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு வரும் இரண்டாவது கேள்வியில்.

நான் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவள். கல்லூரி முடித்ததும் சென்னையில் ஒரு தனியார் வங்கியில் வேலை. கல்யாணம், குழந்தைகள், மாமியார் உடல்நிலை என்று ஊரோடு வந்து சில வருடங்கள் வீட்டில் இருந்தேன். அப்புறம் மறுபடி வேலை தேடினேன். இப்போது வீட்டுக்கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் காரைக்குடிக் கிளையில் இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்கும் குழுவில் நானும் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப்பிள்ளைகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் எங்கள் வீட்டு முகப்புத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள், பாலிடெக்னிக் முடித்தவர்கள், வங்கித் தேர்வு எழுதுகிறவர்கள். "அக்கா, சும்மா ஒரு தடவை கேள்வி கேட்டுப் பாருங்க" என்பார்கள். இங்கே எழுதுவது பெரும்பாலும் அந்தத் திண்ணையில் பார்த்ததும் அலுவலகத்தில் பார்த்ததும்தான்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதிலிருந்தே தொடங்கலாம். நம் பக்கத்துப் பிள்ளைகள் பத்துக்கு எட்டுப் பேர் ஒரே மாதிரி சொல்வார்கள். "மைசெல்ஃப்" என்று ஆரம்பித்து, பெயர், சொந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், அம்மா இல்லத்தரசி, கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், பத்தாம் வகுப்பில் என்ன சதவீதம், கடைசியாகப் பாட்டுக் கேட்பதும் புத்தகம் படிப்பதும் பொழுதுபோக்கு. இதில் பாதிக்கு மேல் அவர்கள் நீட்டிய தாளிலேயே இருக்கிறது.

எதிரில் இருப்பவர் அந்த நேரத்தில் என்ன செய்கிறார் தெரியுமா? உங்கள் பயோடேட்டாவை அப்போதுதான் ஒழுங்காகப் படிக்கிறார். உள்ளதைச் சொல்கிறேன், வேலை நெருக்கடியில் நாங்கள் பல நாள் அப்படித்தான். இந்தக் கேள்வி எங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தருகிறது. காதில் கடைசியாக என்ன விழுந்ததோ, அதிலிருந்துதான் அடுத்த கேள்வி பிறக்கும். பொழுதுபோக்கில் முடித்தால் "கடைசியாகப் படித்த புத்தகம் எது?" என்று கேட்பேன். அங்கே மௌனம்.

எம்.எஸ்ஸி. வேதியியல் படித்த பெண் ஒருத்திக்கு இதுவேதான் நடந்தது. துரு பிடிப்பதைப் பற்றி நல்ல புராஜெக்ட் ஒன்று செய்திருந்தாள். இரும்புத் துண்டை அமிலத்தில் போட்டு, இலைச்சாறு சேர்த்தால் அரிப்பு குறைகிறதா என்று பார்ப்பது. மின்வேதியியலுக்கென்றே 1953-இல் திறக்கப்பட்ட சிக்ரி ஆய்வு நிறுவனம் இருக்கும் ஊர் இது. இப்படிப்பட்ட புராஜெக்ட் செய்துவிட்டு அதைச் சொல்லாமல் "பாட்டுக் கேட்பேன்" என்று முடிப்பதா? "அதைக் கடைசியில் சொல்லேன்" என்றேன். தயங்கினாள். "அக்கா, நாங்க மூணு பேரு சேர்ந்து செஞ்சது. நான் துண்டைத் தேய்ச்சு எடை மட்டும்தான் போட்டேன்."

முதல் பதிலைப் பெருமையாகச் சொல்லிவிடலாம். "அதில் நீங்கள் செய்தது என்ன?" என்று அடுத்தது வரும்போதுதான் கால் இடறும். அதனால் அந்த எடை போட்ட கதையையே உட்கார்ந்து பேசினோம். எமரித் தாளில் துண்டைத் தேய்த்துச் சுத்தம் செய்யாவிட்டால் எடை தப்பும். அமிலத்தில் போடுவதற்கு முன் ஒரு எடை, எடுத்துக் கழுவி உலர்த்திய பிறகு ஒரு எடை, வித்தியாசம்தான் அரித்துப்போன இரும்பு. ஒரே சோதனையை மூன்று துண்டுகளில் செய்து சராசரி எடுத்தார்கள். ஒரு துண்டு மட்டும் விலகி நின்றபோது அதைக் கணக்கிலிருந்து தூக்காமல், மறுபடி புதிதாகச் செய்யச் சொன்னது இவள்தான். இதெல்லாம் தானாகச் சொல்லவில்லை, நான் துருவித் துருவிக் கேட்கக் கேட்க வந்தது. ஆய்வகத்தில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்குப் போகிற ஆளிடம் இதைவிட வேறென்ன வேண்டும்? மூன்று பேர் செய்த வேலையில் தன் பங்கு சின்னது என்று மறைத்து வைத்திருந்தாள். அந்தச் சின்னப் பங்கைத் துல்லியமாகச் சொன்னால் எவரும் நம்புவார்கள். மொத்தத்தையும் தான் செய்ததாகச் சொன்னால் மூன்றாவது கேள்வியில் குட்டு உடைந்துவிடும்.

இதிலிருந்து நாங்கள் ஒரு பழக்கத்துக்கு வந்தோம். நோட்டில் பதில் எழுதுவதில்லை, சம்பவங்களை எழுதுகிறோம். ஆறேழு சம்பவம் போதும். ஒருவரோடு கருத்து வேறுபாடு வந்தது, நெருக்கடியில் வேலை முடித்தது, தெரியாத ஒன்றைத் தானாகக் கற்றுக்கொண்டது, ஒன்று சொதப்பியது, ஒருவருக்குப் புரியவைத்தது, பணமோ பொருளோ கையில் வைத்துப் பொறுப்பாக நடந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே எதிராளி கேட்கக்கூடிய கேள்விகள். எப்போது? கூட யார் இருந்தார்கள்? நீ செய்தது மட்டும் என்ன? எண்ணிக்கையில் சொன்னால் எவ்வளவு? மறுபடி அதே நிலைமை வந்தால் எதை மாற்றுவாய்? கேட்கிற கேள்வி எந்த வடிவத்தில் வந்தாலும் இந்த ஆறேழில் ஒன்று பொருந்தும். "தலைமைப் பண்பு உண்டா" என்று கேட்டாலும் "சிக்கலான நேரம் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டாலும் அதே சம்பவத்தை வேறு முனையிலிருந்து சொல்ல முடியும்.

சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்று நாலாகப் பிரித்துச் சொல்லும் 'ஸ்டார்' முறையைக் கல்லூரிப் பயிற்சிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் நாம் கதை சொல்லிகள். சூழலிலேயே முக்கால் மணி நேரம் ஓட்டிவிடுவோம். "அப்போ கார்த்திகை மாசம், ஒரே மழை, எங்க சித்தப்பா வேற ஊருல இல்ல" என்று போய்க்கொண்டே இருக்கும். சூழலுக்கு இரண்டு வாக்கியம், அவ்வளவுதான். செயலுக்குத்தான் நேரம்.

"எனக்குச் சொல்ற மாதிரி சம்பவமே இல்லியே" என்பது அடுத்த புலம்பல். ஆத்தங்குடியிலிருந்து ஒரு தம்பி வந்தான். டிப்ளமோ சிவில். கட்டுமானப் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தில் விற்பனைப் பிரிவுக்கு இண்டர்வியூ. அப்பா தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று போட்டிருந்தான். என்ன கூலி என்று கேட்டேன். டைல்ஸ் பட்டறையில் முப்பது வருடமாக வேலை பார்க்கிறாராம். இவனும் லீவு நாளெல்லாம் அங்கேதான்.

ஆத்தங்குடிக் கல், அதாவது அந்த டைல்ஸ், எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டதும் பையன் ஆளே மாறிவிட்டான். கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றுவது, அச்சைக் கலையாமல் தூக்குவது, மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி ஈரத்தை உறிஞ்சவைப்பது, அப்புறம் கலவையை நிரப்பி அழுத்துவது, காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவது. சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடியின் வழவழப்புத்தான் கல்லின் முகத்துக்கு வருகிறது. இவ்வளவையும் ஒரு தடுமாற்றம் இல்லாமல் சொன்னான், அதுவும் கட்டுமானப் பொருள் விற்கப் போகிறவன்!

"எங்கள் பொருளை ஏன் வாங்க வேண்டும் என்று வாடிக்கையாளர் உங்களிடம் கேட்டால்?" என்பது அந்த மாதிரி வேலைகளில் வழக்கமான கேள்வி. அதற்கு அவன் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கிலப் பத்தி ஒன்று இருந்தது. அதைத் தூக்கிப் போட்டோம். மழைக்காலத்தில் கல் காயவில்லை, வீட்டுக்காரருக்குக் கிரகப்பிரவேச நாள் நெருங்கிவிட்டது, அவர் பட்டறைக்கு வந்து சத்தம் போட்டார். அப்போது இவன் போய் வீட்டைப் பார்த்து, விசேஷத்துக்கு எந்த அறைகள் கட்டாயம் வேண்டும் என்று கேட்டு, கூடத்துக்கான கல்லை மட்டும் முதலில் அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறான். இந்தச் சம்பவம்தான் பதில். பின்னாலேயே வரக்கூடிய கேள்விகளையும் வைத்துக்கொண்டோம். அப்பாவைக் கேட்டுச் செய்தாயா, நீயாகவா? மீதிக் கல் எப்போது போனது? அவர் அப்புறம் வேறு யாருக்காவது உங்களைச் சிபாரிசு செய்தாரா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்பதுதான் உண்மை. இல்லை என்றே சொல் என்றேன். எல்லாக் கதையும் வெற்றியில் முடிந்தால் கேட்பவருக்குச் சந்தேகம் வரும்.

பலவீனம் பற்றிய கேள்விக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். "எதையும் கச்சிதமாகச் செய்யாமல் விடமாட்டேன், அதுதான் என் பலவீனம்" என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வேலையின் உயிர்நாடியைத் தொடாத ஒரு நிஜமான குறை, அதைச் சமாளிக்க இப்போது என்ன செய்கிறேன், இரண்டு வாக்கியம். கூட்டத்தில் சட்டென்று பேச வராது, அதனால் சொல்ல வேண்டியதை முன்பே குறித்துக்கொண்டு போகிறேன் என்பது மாதிரி. "கடைசியாக அது எப்போது உங்களைப் பாதித்தது?" என்று கேட்பார்கள், அதற்கும் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

வங்கித் தேர்வுக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். முதலில், எந்த வேலைக்கு இண்டர்வியூ உண்டு, எதற்கு இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும், கெஜட்டட் அல்லாத குரூப் பி பணிகளுக்கும் 2016 ஜனவரி முதல் இண்டர்வியூ கிடையாது. அரசு வங்கிகளுக்கு ஆள் எடுக்கத் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் அமைப்பின் கிளார்க் தேர்விலும் கிடையாது. அதே ஐபிபிஎஸ்-இன் புரொபேஷனரி ஆபீசர் தேர்வில் 100 மதிப்பெண்ணுக்கு உண்டு. அதில் குறைந்தது 40 சதவீதம் எடுக்க வேண்டும், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 35. இறுதிப் பட்டியலில் மெயின் தேர்வுக்கு 80, இண்டர்வியூவுக்கு 20 என்ற விகிதத்தில் கணக்கிடுகிறார்கள். எழுத்துத் தேர்வில் அரை மார்க், ஒரு மார்க்குக்கு அடித்துக்கொள்ளும் இடத்தில் இந்த இருபது பெரிய விஷயம்.

அந்தக் குழுவில் ஊர்ப்பெயரைப் பார்த்ததும் கேள்வி வரும். "காரைக்குடியா? என்ன விசேஷம் அங்கே?" உடனே செட்டிநாட்டுச் சிக்கன் என்று சொல்லிவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தவர்களை எனக்குத் தெரியும். குழுவும் சிரிக்கும், அத்தோடு முடிந்தது. வங்கி வேலைக்குப் போகிறவர் அந்த இடத்தில் சொல்ல வேண்டியது வேறு. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. தொடங்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். இதைச் சொன்னால் முகம் நிமிரும். ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டு போனால் வம்பு. "சரி, ரங்கூனில் ஏன்?" என்பார்கள். பர்மாவில் நெல் விளைச்சலுக்கு நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கொடுத்த கடன், அங்கே இருந்த அவர்களுடைய கடைகள், பணம் கடல் தாண்டிப் போய் வர வேண்டிய தேவை, இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். "ஓவர்சீஸ் என்ற பெயர் எதற்கு?" என்றால் அந்நியச் செலாவணி வணிகத்தையும் வெளிநாட்டு வங்கிச் சேவையையும் குறிவைத்துத் தொடங்கியது என்பது தெரிய வேண்டும். "தேசியமயம் எப்போது?" 1969. "அப்போது எத்தனை வங்கிகள்?" 14. "இப்போது வட்டிக்கடைக்கும் வங்கிக்கும் என்ன வித்தியாசம்?" என்று ஒருவர் சும்மா இழுத்துவிட்டால், வைப்புத்தொகை வாங்கும் உரிமை, ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பு, வைப்புத்தொகைக் காப்பீடு என்று மூன்று விஷயமாவது வாயில் வர வேண்டும்.

கண்டாங்கிச் சேலை பற்றிப் பெருமையாகச் சொன்னாலும் இதேதான். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று சொன்னதும், அந்தக் குறியீடு வாங்கினால் நெசவாளிக்கு என்ன லாபம் என்று கேட்பார்கள். தெரியாத கதவைத் தானாகப் போய்த் திறக்காதீர்கள். அதையும் தாண்டித் தெரியாத ஒன்றைக் கேட்டுவிட்டால் "தெரியவில்லை சார், பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்" என்பது முழுப் பதில்தான். அதற்குப் பின்னால் ஊகத்தைச் சேர்க்காமல் இருந்தால் சரி.

இனி பெண்களுக்கு மட்டும் வரும் கேள்விகள். என்னையே கேட்டார்கள்: "இத்தனை வருஷம் வீட்டில் என்ன செய்தீர்கள்?" கேட்ட விதத்தில் கொஞ்சம் ஏளனம் இருந்தது. நான் ஒரே வாக்கியத்தில் முடித்தேன். குழந்தைகளும் மாமியார் உடல்நிலையும் காரணம், இப்போது இரண்டும் ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டன என்றேன். அடுத்த மூச்சிலேயே இப்போதைய விஷயத்துக்கு வந்துவிட்டேன். வேலைக்குத் திரும்புவதற்கு முன் மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர்களுக்கான என்ஐஎஸ்எம் சான்றிதழ்த் தேர்வை மதுரையில் போய் எழுதியிருந்தேன். அதைச் சொன்னேன். அந்தத் தேர்வை வேலையில் இல்லாதவர்களும் எழுதலாம், சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். இடைவெளிக்குப் பிறகு வருகிறவர்களுக்கு, பழைய அனுபவத்தைவிடச் சமீபத்தில் செய்த சின்ன விஷயம் ஒன்றுதான் கைகொடுக்கும் என்பது என் எண்ணம். ஏனென்றால் அடுத்த கேள்வி "நீங்கள் விட்டுப்போன பிறகு எல்லாம் மாறிவிட்டதே, சமாளிப்பீர்களா?" என்பதுதான். யுபிஐ வந்தது 2016-இல். நான் வங்கியை விட்டபோது கவுண்டரில் கூட்டம் நின்றது, திரும்பி வந்தபோது பூக்காரம்மாவிடமே கியூஆர் அட்டை இருந்தது. அந்த மாற்றத்தை ஒரு வாடிக்கையாளராக நான் எப்படிப் பழகினேன், மாமனாருக்கு எப்படிப் பழக்கினேன் என்பதைச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த ஏளனம் போய்விட்டது.

"கல்யாணம் எப்போது?" என்ற கேள்வி கேட்கவே கூடாதது. நம் ஊர்களில் கேட்கிறார்கள். எங்கள் குழுவில் யாராவது ஆரம்பித்தால் நான் இடையில் புகுந்து வேறு கேள்வி போட்டுவிடுவேன். எல்லா இடத்திலும் அப்படி ஒருத்தி இருக்க மாட்டாள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இரண்டு கவலைகள்: ஆறு மாதத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவாளோ, திருப்பத்தூர், சிங்கம்புணரி என்று வெளியே அனுப்பினால் போவாளோ. அந்தக் கவலைக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். "இந்த ஊரில் இருந்தே வேலை பார்க்கும் எண்ணம்தான் சார். வெளியூர்ப் பயணம் வாரத்தில் எத்தனை நாள் இருக்கும் என்று சொன்னால் நல்லது." கல்யாணப் பேச்சைத் தொடாமலேயே பதில் முடிந்துவிடுகிறது, பந்தும் அவர்கள் பக்கம் போய்விடுகிறது. மேலும் தோண்டினால் "அது வீட்டு விஷயம் சார்" என்று மரியாதையாகச் சொல்லலாம். சொன்னதற்காக வேலை தராத இடத்தில் சேர்ந்தும் நிம்மதி இருக்காது.

எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொன்று, "எந்தக் கோயில்?" என்ற விசாரிப்பு. நகரத்தாருக்குள் ஒன்பது கோயில் பிரிவு இருப்பதால், இளையாத்தங்குடியா மாத்தூரா என்று கேட்டு உறவுமுறை தெரிந்துகொள்வது பெரியவர்களின் வழக்கம். அது வீட்டு முகப்பில் சரி. இண்டர்வியூ மேசையில் அதே கேள்வி சாதி விசாரிப்பாகிவிடுகிறது. ஊர்ப்பெயரைச் சொல்லி அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிரித்தபடி நிறுத்தினால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆங்கிலம் பற்றி. முழுப் பத்தியை மனப்பாடம் செய்து வருகிறவர்களை முதல் பத்து விநாடியில் கண்டுபிடித்துவிடலாம். கண் மேலே போகும், குரல் ஒரே சீராகிவிடும். நடுவில் ஒரு சொல் மறந்தால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். சம்பவத்தைத் தமிழில் யாருக்காவது ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அப்புறம் அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு மாதிரி. ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருவதுதான் முக்கியம். தனியார் வேலைகளில் "தமிழும் கலந்து சொல்லலாமா?" என்று கேட்டால் இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

திண்ணையில் நாங்கள் மூன்று பேராக உட்காருவோம். ஒருவர் கேட்பார், ஒருவர் சொல்வார். மூன்றாவது ஆளின் வேலை பேசாமல் எழுதுவது: பதிலைக் கேட்கும்போது தன் மனதில் என்னென்ன கேள்வி எழுகிறதோ அதை மட்டும். முடிந்ததும் அந்தத் தாளைப் பதில் சொன்னவரிடம் கொடுத்துவிடுவார். அவருக்கு வீட்டுப்பாடம் அதுதான். நானே எல்லாக் கேள்வியையும் கேட்பதைவிட இது நன்றாக வேலை செய்கிறது. கேள்வி எழுதிப் பழகிய பிள்ளைகள் தாங்கள் பேசும்போதே எந்தச் சொல் என்ன கேள்வியைக் கிளப்பும் என்று உஷாராகிவிடுகிறார்கள். ஆள் கிடைக்காதவர்கள் போனில் பதிவு செய்து கேட்கலாம். முதல் தடவை நம் குரலை நமக்கே சகிக்காது. 'ஆக்சுவலி', 'வந்துட்டு', 'அந்த மாதிரி' எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள்.

வீடியோ இண்டர்வியூவுக்கு ஒரு உள்ளூர் எச்சரிக்கை. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர் கனம் உங்களுக்கே தெரியும். இரண்டாம் கட்டில் போய் உட்கார்ந்தால் அமைதியாக இருக்கும், சிக்னல் இருக்காது. முகப்பில் சிக்னல் இருக்கும், தெருவே உள்ளே வந்துவிடும். முந்தின நாளே அதே நேரத்தில் யாருக்காவது வீடியோ கால் போட்டு இடத்தை முடிவு செய்துவிடுங்கள்.

சம்பளக் கேள்வியில்தான் நம் பிள்ளைகள் மிகவும் கூச்சப்படுகிறார்கள். "நீங்க பார்த்துக் கொடுங்க சார்" என்று முடித்துவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு நாள் இதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏத்தா, சம்பளத்தைப் பேசுறதுக்கு என்ன வெட்கம்? அந்தக் காலத்துலயே கொண்டுவிக்கப் போறவுகளுக்குச் சம்பளச் சீட்டு எழுதித்தான் அனுப்புவாக" என்றார். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டிக்கடை வேலைக்குப் போனவர்களுக்கு, எத்தனை வருடத் தவணை, மொத்தச் சம்பளம் எவ்வளவு என்று கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் இருக்கும். எழுத்தில் வாங்குவது இந்த ஊருக்குப் புதிது ஒன்றும் இல்லை.

எண்ணைச் சொல்வதற்கு முன் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். வருடத்துக்கு 3 லட்சம் சிடிசி, அதாவது உங்களுக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை, என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 25,000 கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, 12,500 என்றால், நிறுவனம் கட்டும் பிஎஃப் 12 சதவீதம், அதாவது 1,500, அந்த 25,000-க்குள்தான் இருக்கும். பணிக்கொடைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் ஒதுக்கினால் சுமார் 600. அது நிரந்தர வேலையில் பொதுவாக 5 வருடம் முடித்தால்தான் கைக்கு வரும். மிச்சம் 22,900. அதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 1,500 போனால் 21,400. தொழில்வரி, காப்பீடு என்று இன்னும் கொஞ்சம் குறையும். செயல்திறன் ஊக்கத்தொகை என்று ஒரு பகுதியைச் சிடிசியில் சேர்த்திருந்தால் அது மாதாமாதம் வராது. "கைக்கு எவ்வளவு வேண்டும்?" என்பதை முடிவு செய்து, அதிலிருந்து மேலே கணக்குப் போட்டு, "இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை" என்று சொல்லுங்கள். அடுத்த கேள்வி "எதை வைத்து அப்படிக் கேட்கிறீர்கள்?" என்பதாக இருக்கும். சென்னையில் வாடகை, இதே வேலைக்குக் கூடப் படித்தவர்கள் வாங்குவது, உங்களிடம் உள்ள கூடுதல் தகுதி, ஏதாவது ஒன்று காரணமாக இருக்கட்டும். வீட்டுக் கஷ்டத்தைக் காரணமாகச் சொல்ல வேண்டாம். இரக்கப்படுவார்கள், சம்பளம் ஏறாது.

"எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா?" என்று கடைசியில் கேட்டால், முதல் மூன்று மாதத்தில் இந்த இடத்துக்கு வருகிறவர் என்ன செய்து முடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். வேலையின் உண்மையான முகம் அந்தப் பதிலில் தெரிந்துவிடும். லீவு எத்தனை நாள் என்பதை ஆர்டர் கையில் வந்தபின் கேட்டுக்கொள்ளலாம்.

இண்டர்வியூ முடிந்து வெளியே வந்ததும் வீட்டுக்குப் போன் போடுவதற்கு முன் கேட்ட கேள்விகளை எழுதிவிடுங்கள், வரிசையோடு, எந்தப் பதிலுக்குப் பின்னால் எந்தக் கேள்வி வந்தது என்று. சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் திரும்புகிறவர்கள் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் முடித்துவிடலாம். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தத் தாளை எங்கள் திண்ணைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது மட்டும் நான் வாங்கும் ஃபீஸ். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களை அதை வைத்துத்தான் கேட்கிறோம்.